வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: மூன்றாவது வாரத்தில் அட்டவணை படுத்துவிடுகிறது, எப்படித் திட்டமிடுவது?

பனியன்_சிட்டி_26

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலை. காலை 9.30 முதல் இரவு 7.30 வரை. பஸ்ஸில் போக 40 நிமிஷம், வர 40 நிமிஷம்; காலையில் சீட் கிடைக்கும், ராத்திரி நின்றுகொண்டுதான் வரணும். ஞாயிறு லீவு. மாசக் கடைசியில் ஷிப்மென்ட் வந்தால் வீட்டுக்கு வர பத்து மணி ஆகும்.

அடுத்த டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 தேர்வு எழுதணும். கையில் ஆறு மாசம் இருக்குன்னு வெச்சுக்குவோம். போடுற அட்டவணை எல்லாம் காலை 4 மணிக்குத் தொடங்கும், தினமும் தமிழ், கணக்கு, வரலாறு, அறிவியல் எல்லாமே இருக்கும். மூணாவது வாரம் அப்படியே நின்னுடும். மறுபடி ஆறாம் வகுப்பு புக்கில் இருந்து ஆரம்பம். ஆறாம் வகுப்பு அத்துப்படி, ஒன்பதாம் வகுப்பு புக்கைத் திறந்ததே இல்லை.

என் கேள்விகள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சா போதும்? எதை முதலில் படிக்கணும்? வேலையை விட்டுட்டுப் படிக்கலாமா? கையோடு டைப்ரைட்டிங் கிளாஸும் சேரலாமான்னு யோசனை. அண்ணன்கள், அக்காக்கள் விவரமா சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை

“ஒரு நாளைக்கு எத்தனை மணி” என்று தொடங்குவதில்தான் சிக்கல். உங்களுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. வாரத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒன்றே கால் மணி, பஸ்ஸில் அரை மணி, இரவு அரை மணி. ஆக நாளுக்கு இரண்டே கால் மணி; ஆறு நாளுக்கு பதின்மூன்றரை. ஞாயிறு 5 மணி நேரம் சேர்த்தால் பதினெட்டரை. இது காகிதக் கணக்கு. இதில் பத்துக்கு ஏழு பங்குதான் கைக்கு வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: வாரத்துக்கு 13 மணி. 26 வாரத்துக்கு 338 மணி நேரம். உங்கள் மொத்த முதல் இவ்வளவுதான். பதினெட்டரைக்கும் சேர்த்துப் பாடம் ஒதுக்கியதால்தான் மூன்றாம் வாரம் பாக்கி ஏறி, அட்டவணையைப் பார்க்கவே பிடிக்காமல் போகிறது.

இந்த 338-ஐ வினாக்களின் எண்ணிக்கையை வைத்துப் பங்கு போட வேண்டும், புத்தகங்களின் எண்ணிக்கையை வைத்து அல்ல. தேர்வு 200 வினா, 300 மதிப்பெண், ஒரு வினாவுக்கு ஒன்றரை. பகுதி அ தமிழ் 100 வினா. பகுதி ஆ பொது அறிவு 75, திறனறிவு (கணக்கு) 25. தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண், எடுக்காவிட்டால் பகுதி ஆ திருத்தப்படாது. மொத்தத்தில் குறைந்தபட்சம் 90 என்பது தரவரிசையில் பெயர் வருவதற்கு மட்டும். அதை இலக்காக வைத்தால் வேலை வராது. தமிழில் 90, பொது அறிவில் 55, கணக்கில் 23 சரி என்று வையுங்கள். 168 வினா, 252 மதிப்பெண்.

மாதிரித் தேர்வுகளுக்கு முதலில் ஒதுக்கிவிடுங்கள்: 8 முழுத் தேர்வு. எழுத 3 மணி, பிழை பார்க்க 3 மணி. ஆக 48. கணக்குக்கு 40. பொது அறிவுக்கு 120, தமிழுக்கு 130. மொத்தம் 338 வருகிறதா, பாருங்கள்.

பொது அறிவில்தான் பலரும் கவிழ்கிறார்கள். புதிய பாடத்திட்டத்தில் இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20 வினா, தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20, ஆட்சியியல் 15, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, பொது அறிவியல் 5, புவியியல் 5. அந்த 120 மணியை இதே விகிதத்தில் பிரித்தால் 32, 32, 24, 16, 8, 8. அறிவியலுக்கு வெறும் 8 மணி! ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிப்பவர்கள் 5 வினாவுக்காக ஒரு மாதத்தைத் தொலைக்கிறார்கள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தமிழ்நாட்டின் சமூக மாற்றங்கள் பற்றிய பாடம், பதினொன்றாம் வகுப்பு பொருளியலில் தமிழ்நாட்டுப் பொருளாதாரம், இந்த மாதிரிப் பாடங்களில் கை வையுங்கள். வகுப்பு வரிசையை விட்டுவிட்டு பாடத்திட்டத்தின் அலகு வரிசையில் போங்கள். “மறுபடி ஆறாம் வகுப்பு” என்ற பேச்சே எழாது.

முதல் 14 வாரத்தில் எல்லாவற்றையும் ஒரு முறை முடித்தாக வேண்டும். பாடங்களுக்கு ஒதுக்கிய 290 மணியில் பாதி, 145, முதல் வாசிப்புக்கு. 14 வாரத்தில் 182 மணி கிடைக்கிறது. மீதி ரிவிஷனுக்கும் முதல் மாதிரித் தேர்வுக்கும் போகும். தேர்வுகளை 12, 15, 18, 20, 22, 23, 24, 25-ஆம் வாரங்களில் வையுங்கள். கடைசி வாரம் தேர்வு வேண்டாம். எல்லாம் படித்து முடித்த பிறகுதான் டெஸ்ட் என்று தள்ளிப்போடுபவர்களுக்கு அந்த நாள் வருவதே இல்லை.

பைந்தமிழ்_டீச்சர்

மணிக்கணக்கை அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த மணிக்குள் என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன், பாப்பா.

தமிழ் 100 வினாவில் இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் தமிழ்த்தொண்டும் 15. ஆனால் பெரும்பாலானவர்களின் நோட்டைப் புரட்டினால் முக்கால்வாசி “இந்த நூலின் ஆசிரியர் யார், இவர் பிறந்த ஊர் எது” என்றே இருக்கும். அது அந்தப் பதினைந்துக்குள் அடங்கிவிடும். மற்ற 85-க்கு மனப்பாடம் உதவாது, கைப்பழக்கம்தான் உதவும்.

உதாரணத்துக்கு வேர்ச்சொல். ஒரு தாளில் தினம் ஐந்து வேர்ச்சொல்லை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வினைமுற்று, பெயரெச்சம், வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் என ஐந்து வடிவம் எழுதுங்கள். காண்: கண்டான், கண்ட, கண்டு, கண்டவர், காணல். வெல்: வென்றான், வென்ற, வென்று, வென்றவர், வெல்லல். தா: தந்தான், தந்த, தந்து, தந்தவர், தருதல். ஐந்து வேர்ச்சொல்லுக்கு இருபத்தைந்து சொல், பஸ்ஸில் பத்து நிமிஷ வேலை. வழுக்கும் இடங்கள் இரண்டு. “நொந்தான்” என்பதற்கு வேர்ச்சொல் “நொந்து” என்று குறிப்பார்கள், அது “நோ”. வினையாலணையும் பெயரையும் தொழிற்பெயரையும் மாற்றிவிடுவார்கள்; கண்டவர் என்பது ஆளைக் காட்டுகிறது, காணல் என்பது செயலைக் காட்டுகிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும். பத்து நாள் எழுதினால்தான் தேர்வில் கை நிற்காது.

பொது அறிவுப் பாடத்துக்கு நோட்ஸ் எடுக்கிறேன் என்று புத்தகத்தையே திரும்ப எழுதாதீர்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மணி போய்விடும், மனதில் எதுவும் தங்காது. அதற்குப் பதில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். சமூக மாற்றங்கள் பாடத்தைப் படித்து முடித்ததும் நோட்டில் இப்படி இருக்க வேண்டும்: தென்னிந்திய நல உரிமைச் சங்கம் எந்த ஆண்டு? வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ முதல் அரசாணை எந்த ஆண்டு, யார் ஆட்சியில்? சுயமரியாதை இயக்கம்? தேவதாசி ஒழிப்புச் சட்டம்? விடைகளை (1916, 1921, நீதிக்கட்சி, 1925, 1947) தாளின் பின்பக்கம் எழுதுங்கள். ஒரு பாடத்துக்கு 15 முதல் 20 கேள்வி, அதற்கு மேல் வேண்டாம்.

ரிவிஷன் என்றால் அந்தக் கேள்விகளுக்கு விடையை மறைத்துக்கொண்டு பதில் சொல்வது. அன்று இரவே ஒரு முறை, 3-ஆம் நாள், 10-ஆம் நாள், 30-ஆம் நாள். தாளின் மூலையில் நான்கு தேதியையும் பென்சிலால் எழுதிவிட்டால் இன்று எதைப் புரட்டுவது என்று யோசிக்கவே வேண்டாம். ஒரு தாளுக்கு நான்கு அல்லது ஐந்து நிமிஷம்தான் ஆகும். 10-ஆம் நாளில் பாதிக்கு மேல் தெரியவில்லை என்றால் அந்தப் பாடத்தை முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டாம். தெரியாத கேள்விகளுக்கு உரிய பத்தியை மட்டும் படித்து, தேதியை மறுபடி முதலிலிருந்து போடுங்கள்.

கணக்குக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு மூன்று மணி நேரம் மொத்தமாகக் கணக்குப் போடுவதைவிட தினம் பத்துக் கணக்கு மேல். முறை தெரிந்தவர்களுக்கும் வேகம்தான் முதலில் மறக்கும்.

ஷிப்ட்_முடிஞ்சு_படிப்போம்

மேலே அவங்க சொன்னதோட நான் கொஞ்சம் முரண்படுறேன். இரவு அரை மணியில் புதுப் பாடம் வேண்டாம். பத்து மணி நேரம் பையரோட மெயிலுக்கும் ஃபேக்டரி ஃபோனுக்கும் பதில் சொல்லிட்டு வந்த மூளைக்குப் புதுசா ஏறாது. பக்கம் ஓடும், அவ்வளவுதான். புதுசு எல்லாம் காலையில், கணக்கு பஸ்ஸிலோ காலையிலோ, இரவில் டீச்சர் சொன்ன மாதிரி நீங்க எழுதி வெச்ச பழைய கேள்வித்தாள்கள் மட்டும். அதே மாதிரி 4 மணிக்கு எழுந்திரிக்கிறதை விட்டுடுங்க. 11 மணிக்குப் படுக்கிறவங்க 4-க்கு எழுந்தா ரெண்டு வாரம்தான் ஓடும். அஞ்சே முக்காலுக்கு எழுந்தாலே காலைக்கான ஒண்ணே கால் மணி சரியா வந்துடும்.

வேலையை விடலாமான்னு கேட்டீங்க. கூடாது. தேர்வு தேதி உங்க கையில் இல்லை. 2019 செப்டம்பர் 1-க்கு அப்புறம் அடுத்த குரூப் 4 நடந்தது 2022 ஜூலை 24. அதை நம்பி வேலையை விட்டவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அப்புறம் 2024 ஜூன் 9, 2025 ஜூலை 12 என்று ஒழுங்கா வந்தது உண்மைதான், ஆனா அதை உத்தரவாதமா எடுத்துக்க முடியாது. தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்டத்தை மட்டும் பாருங்க. அறிவிப்பு வரட்டும், தொடங்கலாம்னு இருக்கவும் முடியாது: 2025-ல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு, நடுவில் 11 வாரம். நீங்க போடுற திட்டத்தில் முதல் வாசிப்புக்கே 14 வாரம் வேணும்.

டைப்ரைட்டிங்: சான்று ஏற்கெனவே கையில் இருந்தா தட்டச்சர் பதவிக்கும் சேர்த்துப் போட்டி போடலாம், நல்ல லாபம். இல்லைன்னா இந்த ஆறு மாசத்தில் சேராதீங்க. தினம் ஒரு மணி கிளாஸுன்னா வாரம் 6 மணி, உங்க பதின்மூணில் பாதி காலி. அறிவிப்புத் தேதிக்குள்ள சான்று கையில் இருக்கணும்ங்கிறதையும் மறக்காதீங்க. தேர்வு முடிஞ்ச மறுநாள் சேருங்க.

பனியன்_சிட்டி_26

ரொம்ப நன்றி அண்ணா, டீச்சர். 8 மணி நேரம்தான் அறிவியலுக்குன்னு பார்த்ததும் தூக்கி வாரிப்போட்டது, நான் அதிலேயே பாதி நாளைக் கழிச்சிருக்கேன். ரெண்டு சந்தேகம். ஷிப்மென்ட் வாரத்தில் 13 மணி கண்டிப்பா வராது, அஞ்சு வந்தாலே பெரிசு. அந்த வாரம் விட்டதை எப்படிப் பிடிக்கிறது? அப்புறம், திட்டம் சரியாப் போகுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? போன தடவை நல்லாப் படிக்கிறேன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

கணக்குப்பிள்ளை

ஷிப்மென்ட் மாதாமாதம் வருவது தெரிந்ததுதானே. தெரிந்த செலவை பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதக் கடைசிக்கு ஆறு வாரம், வாரத்துக்கு 8 மணி குறையும், மொத்தம் 48. மற்ற 20 வாரங்களில் வாரம் இரண்டரை மணி கூடுதலாகப் படித்தால் ஈடாகிவிடும். 13-க்கும் பதினெட்டரைக்கும் நடுவே ஐந்தரை மணி விட்டு வைத்தது இதற்குத்தான். அந்த வாரங்களில் புதுப் பாடம் எதுவும் எழுதாதீர்கள். பஸ்ஸில் கேள்வித்தாள், வேர்ச்சொல், ஞாயிறு மூன்று மணி. மாதிரித் தேர்வு ஷிப்மென்ட் வாரத்தில் விழுந்தால் ஒரு வாரம் முன்னே நகர்த்துங்கள், பின்னே தள்ள வேண்டாம்.

சாதாரண வாரத்தில் ஒரு நாள் விட்டுப்போனால், அதை மறுநாள் தலையில் ஏற்றக்கூடாது. செவ்வாய் பாடம் புதனுக்கு, புதன் பாடம் வியாழனுக்கு என்று வெள்ளிக்குள் மூன்று நாள் பாக்கி நிற்கும். ஞாயிறு 5 மணியில் ஒன்றரை மணியை எதுவும் எழுதாமல் காலியாக வையுங்கள். விட்டது அங்கே போகட்டும். அங்கும் இடமில்லை என்றால் அறிவியல், புவியியலில் ஒரு பாடத்தை அடித்துவிடுங்கள். பொருளாதாரத்தையும் தமிழ்நாட்டு வரலாற்றையும் அடிக்கக்கூடாது.

இரண்டாவது சந்தேகத்துக்கு: ஞாயிறு இரவு மூன்றே எண்களைக் குறியுங்கள். அந்த வாரம் படித்த மணி, முடித்த பாடம், 50 வினாச் சிறு தேர்வில் மதிப்பெண். அந்த 50-ஐ அந்த வாரம் படித்ததில் பாதி, பழையதில் பாதி என்று எடுங்கள். மணி 13-ஐத் தொட்டும் 50-க்கு 35 வரவில்லை என்றால் அடுத்த வாரம் புதுப் பாடத்தைப் பாதியாகக் குறைத்து ரிவிஷன். தொடர்ந்து இரண்டு வாரம் மணியே 9-க்குக் கீழே போனால் “இனி ஒழுங்காகப் படிப்பேன்” என்று சபதம் எடுக்காதீர்கள். நேரக் கணக்கே தப்பு என்று அர்த்தம். உட்கார்ந்து 13-ஐ 10 ஆக்கி, எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்.

ஓஎம்ஆர்_பெரியப்பா

எல்லாரும் படிப்பைச் சொன்னீர்கள், தேர்வறையை விட்டுவிட்டீர்கள். படித்தவர்கள் பத்துப் பதினைந்து மதிப்பெண்ணை அங்கேதான் கொட்டுகிறார்கள்.

200 வினாவுக்கு 180 நிமிடம், ஒன்றுக்கு 54 விநாடி. ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. தமிழுக்கு சராசரி 35 விநாடி, மொத்தம் 58 நிமிடம். பொது அறிவுக்கு 45 விநாடி, 56 நிமிடம். கணக்குக்கு 100 விநாடி, 42 நிமிடம். கூட்டினால் 156. மீதி 24 நிமிடத்தில்தான் ஓஎம்ஆர் விடைத்தாளில் விடைக்குரிய வட்டம் கருக்க வேண்டும். ஒரு வட்டத்துக்கு 5 விநாடி என்றாலும் 200 வட்டத்துக்கு ஏறக்குறைய 17 நிமிடம் போகும். ஆக உண்மையில் கையில் மிஞ்சுவது 7 நிமிடம். “கடைசியில் மொத்தமாகக் கருக்கிக்கொள்ளலாம்” என்பவர்கள் மாட்டுவது இங்கேதான். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை விடைத்தாளில் கருக்குங்கள். பத்துப் பத்தாக வினா எண்ணைச் சரிபாருங்கள். ஒரு வரிசை தள்ளிப்போனால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் போச்சு, அழித்துத் திருத்தவும் முடியாது.

கணக்கைக் கடைசிக்கு வைக்காதீர்கள். தமிழ் முடிந்ததும் கணக்கு, பிறகு பொது அறிவு. பொது அறிவில் நேரம் நெருக்கினாலும் தெரிந்த விடையை வேகமாகக் குறிக்க முடியும். கணக்கை அவசரத்தில் போட முடியாது.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. விடை தெரியாது என்பதற்கு ஐந்தாவதாக ‘ஈ’ (E) வட்டம் இருக்கிறது. அதைக் கருக்கினால் பூஜ்ஜியம். 30 வினா தெரியவில்லை என்றால், நான்கில் ஒன்றைக் குறித்தாலே சராசரியாக ஏழெட்டு சரியாகும், 11 மதிப்பெண்ணுக்கு மேல். இரண்டு விடையைத் தள்ள முடிந்தால் அதுவே இரட்டிப்பு. எந்த வட்டத்தையும் கருக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்கு மதிப்பெண் கழிப்பார்கள். ஏ எத்தனை, பி எத்தனை என்று எண்ணி எழுதும் பகுதியும் உண்டு. வீட்டில் எழுதும் எட்டுத் தேர்விலும் மாதிரி ஓஎம்ஆர் தாளில், கருப்பு பந்துமுனைப் பேனாவால், இதையும் சேர்த்தே செய்யுங்கள். விதிகள் மாறலாம், உங்கள் ஆண்டு அறிவிக்கையையும் ஹால் டிக்கெட்டையும் ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

தேர்வு எழுதிய பிறகு வரும் மூன்று மணி நேரப் பிழை பார்த்தலை யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். “தெ” என்றால் தெரியாதது, “ம” என்றால் படித்து மறந்தது, “ப” என்றால் கேள்வியைத் தப்பாகப் படித்தது, “க” என்றால் கணக்கில் கைத்தவறு. “ம” அதிகமா, டீச்சர் சொன்ன தேதி முறை நடக்கவில்லை. “தெ” ஒரே அலகில் குவிகிறதா, அங்கே மணியைக் கூட்டுங்கள். “ப” பெரும்பாலும் “பொருந்தாதது எது”, “தவறான கூற்று எது” வகையில்தான் வரும்; அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேனாவால் வட்டமிட்டுவிட்டு விடைகளைப் படியுங்கள். “க”-வுக்கு, நீங்கள் போட்ட வழியையும் குறுக்கு வழியையும் அருகருகே எழுதி வையுங்கள். ஒருவர் 10 நாளில், இன்னொருவர் 15 நாளில் முடிக்கும் வேலையைச் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பின்னத்தில் இறங்காமல் மொத்த வேலை 30 என்று வையுங்கள். ஒருவர் நாளுக்கு 3, மற்றவர் 2, சேர்ந்து 5, ஆறு நாள். 5000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 2 ஆண்டுக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் வித்தியாசம்? இரண்டு வட்டியையும் தனித்தனியே போடாதீர்கள். முதல் ஆண்டு வட்டி 400, அதற்கு 8 சதவீதம், 32 ரூபாய்.

தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாளும் விடைக்குறிப்பும் இருக்கின்றன. 2022, 2024 தாள்களை முதல் தேர்வுகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் மாறியிருப்பதால் தமிழ்ப் பகுதியில் சில வினாக்கள் இப்போது பொருந்தாது, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2025 தாள் புதிய பாடத்திட்டத்தில் வந்தது. அதை இப்போதே பிரித்துப் பார்க்காமல் 24-ஆம் வாரத்துக்கு வையுங்கள், ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு, ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டு.